‘நான்’ கரைவதும் ‘நான்’ சிதைவதும்

நான் செய்கிறேன், நான் நினைக்கிறேன் என்று ஓயாது எழுந்துகொண்டிருக்கும் அகங்கார விருத்தியே பந்தத்துக்கு மூலம் என்றும், அது அடங்கிய இடத்தில் சாந்தி தானே பிரகாசிக்கும் என்றும் நம்முடைய வேதாந்த நூல்களும், அவற்றின் சாரத்தை வீட்டுத் திண்ணைவரை கொண்டுவந்து சேர்த்த பௌராணிகர்களும் தலைமுறை தலைமுறையாக நமக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆயின் அந்த எண்ணம் தவத்தாலோ விசாரத்தாலோ அன்றித் தானாகவே கழன்று விழும் ஒரு நோய் இருக்கிறது. மனச்சிதைவு என்று நாம் வழங்கும் ஸ்கிசோஃப்ரினியா நோய் கண்டவர்களில் பலர், ‘என் கையை வேறு யாரோ அசைக்கிறார்கள், என் தலைக்குள் வேறொருவருடைய எண்ணத்தைக் கொண்டுவந்து வைக்கிறார்கள், நான் நினைப்பதெல்லாம் தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கிறது’ என்கிறார்கள். செய்பவன் தான் அல்லன் என்பதை அவர்கள் நூலில் படித்து ஒப்புக்கொள்ளவில்லை, பிரத்தியட்சமாகவே அநுபவிக்கிறார்கள். அப்படியிருந்தும் அவர்கள் முகத்தில் சாந்தியைக் காணோம். இரவெல்லாம் கண்மூட விடாத பயத்தைத்தான் காண்கிறோம். பெற்ற தாய் பிசைந்து கொடுக்கும் சோற்றிலும் விஷம் இருக்குமோ என்று கையைப் பின்னுக்கு இழுக்கும் பயத்தைக் காண்கிறோம். ‘செய்பவன் நான்’ என்னும் கர்த்திருத்துவ புத்தி நீங்குவதே விடுதலையானால், அது நீங்கிய இவர்களுக்கு இத்தனை துன்பம் எதனால்?

இக்கேள்வியைப் பண்டிதர்களின் வாதத்துக்கு மட்டும் உரியதாக நான் கருதவில்லை. மதமும் தத்துவமும் இந்நோயைப் பற்றி என்ன சொல்கின்றன என்பதைப் பொறுத்தே நம் நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் மகனை வைத்தியரிடம் அழைத்துப் போவதா, மந்திரவாதியிடம் அழைத்துப் போவதா, யாருக்கும் தெரியாமல் அறைக்குள் வைத்துப் பூட்டுவதா என்று முடிவு செய்கின்றன. ஆகவே மூளையை ஆராய்ந்தவர்கள் கடந்த நூறாண்டுக்கு மேலாகக் கண்டறிந்ததைக் கையில் வைத்துக்கொண்டு, நம்முடைய சித்தாந்தம் அதற்கு எப்படி முகம் கொடுக்கிறது என்று பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் எமில் கிரேப்பெலின் என்னும் வைத்தியர், வாலிபத்தில் தொடங்கிப் படிப்படியாக அறிவை அழிக்கும் ஒரு தனி நோயாக இதனை வகுத்தார். இது கட்டாயம் அழிவில்தான் முடியும் என்ற அவருடைய முடிவை ஸுவிட்ஸர்லாந்தின் யூஜன் பிளாய்லர் மறுத்து, 1908-இல் அதற்கு இன்று வழங்கும் பெயரைச் சூட்டினார். கர்ட் ஷ்னைடர் என்பவர் 1939-இல் நோயைத் தெரிந்துகொள்ளும் முக்கியமான குறிகளைத் தொகுத்தார். தன் எண்ணத்தைத் தானே ஒலியாகக் கேட்பது, இரண்டு மூன்று குரல்கள் தன்னைப் பற்றித் தமக்குள் வாதிடுவதைக் கேட்பது, எண்ணம் புகுத்தப்படுவதாகவோ பறிக்கப்படுவதாகவோ உணர்வது, உடலின் செயலைப் பிறர் நடத்துவதாக உணர்வது ஆகியவை அத்தொகுதியின் உயிர்நாடி. இக்குறிகளில் பெரும்பாலானவற்றை ஊன்றிப் பார்த்தால், தனக்கும் பிறிதுக்கும் நடுவேயுள்ள எல்லை குலைவதையே அவை சொல்கின்றன என்பது விளங்கும். இன்றைக்கும் ஒருவருக்கு இந்நோய் உண்டு என்று இரத்தப் பரிசோதனையாலோ, மூளையைப் படம் பிடிக்கும் யந்திரத்தாலோ தீர்மானிக்க இயலாது. மற்ற உடல் நோய்கள் காரணமல்ல என்று விலக்குவதற்கே அவை பயன்படுகின்றன. எதிரே அமர்ந்து, அவசரப்படாமல் கேட்டு, மாதக்கணக்கில் வீட்டார் கண்டதையும் விசாரித்து அறிவதே இன்றளவும் நோயை நிர்ணயிக்கும் வழி. ஓர் ஆத்மா மற்றோர் ஆத்மாவின் வார்த்தையைக் காது கொடுத்துக் கேட்பதன்றி வேறு வழியில்லாத நோய் என்று இதைச் சொல்லலாம்.

எல்லை எவ்வாறு குலைகிறது என்பதற்கு ஆராய்ச்சியாளர் கண்ட விடை வியக்கத்தக்கது. நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாது என்பது குழந்தைகளும் அறிந்த சங்கதி. கையை அசைக்கும்படி மூளை கட்டளையிடும் அதே கணத்தில், அக்கட்டளையின் நகல் ஒன்று உணர்ச்சிகளை ஏற்கும் பகுதிக்கும் போய்ச் சேர்கிறது. ‘இப்போது வரப்போகும் தொடுகை உன்னுடையதே’ என்று முன்னறிவிக்கப்பட்டதால் அத்தொடுகை மங்கிப்போகிறது. லண்டன் மாநகரில் ஸாரா பிளேக்மோர், கிறிஸ் ஃப்ரித் முதலியோர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், குரல் கேட்கும் நோயாளிகளுக்கும், பிறர் தம்மை இயக்குவதாக உணரும் நோயாளிகளுக்கும் இந்த மங்கல் நேரவில்லை என்று தெரிந்தது. தம் கை தொட்டதும் பிறர் கை தொட்டதும் அவர்களுக்கு ஒரே அளவாகவே கூசின. பேச்சுக்கும் இதே விதி பொருந்துகிறது. நாம் வாய்விட்டுப் பேசும்போது, கேட்கும் பகுதி நம் குரலுக்கு அடங்கிப் பதில் சொல்கிறது. இந்நோயில் அந்த அடக்கம் குறைந்திருப்பதை மூளையின் மின்னலைகளைப் பதிந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். உள்ளே மௌனமாக ஓடும் நம் எண்ணமும் ஒருவகைப் பேச்சே என்பதால், ‘இது உன்னுடையது’ என்னும் முத்திரை விழாமல் அது வந்து சேரும்போது, பிறர் குரலாகவே அது கேட்கும் என்று ஃப்ரித் விளக்கினார். குரல் கேட்கும் வேளையில், பேச்சை உருவாக்கும் பகுதியில் இரத்த ஓட்டம் மிகுவதை 1993-இல் படமாகவே எடுத்துக் காட்டினார்கள்.

ஆகவே ‘இது என்னுடைய செயல்’ என்னும் உணர்வு, நாம் நினைப்பதுபோல் ஆத்மாவின் நிரந்தரமான பிரகாசம் அன்று; கணத்துக்குக் கணம் மிக நுண்ணியதொரு கருவி உழைத்துத் தரும் பயன் அது. உழைப்பு நின்றால் உணர்வும் நிற்கிறது.

எல்லை குலைவது இந்நோயின் ஒரு பகுதி; காண்பதிலெல்லாம் இல்லாத அர்த்தத்தைக் காண்பது மற்றொரு பகுதி. இனி அதற்கு வருவோம். இதன் கதை நம் நாட்டு மூலிகை ஒன்றோடு பின்னியது. சர்ப்பகந்தா என்னும் செடியின் வேர் சித்தப்பிரமை பிடித்தவர்களை அமைதிப்படுத்தும் என்பது நாட்டு வைத்தியம் நெடுங்காலமாக அறிந்தது. கல்கத்தாவில் கணநாத ஸேனும் கார்த்திக் சந்திர போஸும் 1931-இல் அதனை நவீன வைத்திய உலகுக்கு எழுதி அறிவித்தார்கள். அவ்வேரிலிருந்து ரிஸர்பின் என்னும் சத்தை 1952-இல் ஸுவிட்ஸர்லாந்தில் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் பாரிஸ் நகரத்து ஸேந்த்தான் ஆஸ்பத்திரியில் ழான் தெலேயும் பியேர் தெனிக்கரும், அறுவைச் சிகிச்சைக்கு உதவியாக வந்திருந்த குளோர்ப்ரோமஸின் என்னும் மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்து, பல்லாண்டு கூச்சலும் குழப்பமுமாக இருந்த விடுதிகள் அமைதியடைவதைக் கண்டார்கள். ஸ்வீடன் தேசத்து ஆர்விட் கார்ல்ஸன் ரிஸர்பினை முயல்களுக்குக் கொடுத்து, அவை அசைவற்றுக் கிடப்பதையும், டோபமின் என்னும் பொருளாக மாறக்கூடிய மருந்தைச் செலுத்தியதும் அவை எழுந்து ஓடுவதையும் 1957-இல் காட்டினார். அதுவரை மற்றொன்றைச் செய்வதற்கான கச்சாப்பொருள் என்று மட்டும் கருதப்பட்டிருந்த டோபமினுக்கு மூளையில் தனித் தொழில் உண்டு என்பது அதனால் தெளிவாயிற்று; 2000-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனச்சிதைவுக்குப் பயன்படும் மருந்துகளின் வலிமை, டோபமின் வந்து பற்றும் இடத்தை அவை எவ்வளவு இறுகப் பற்றி மறைக்கின்றன என்பதற்கு ஏற்ப அமைந்திருக்கிறது என்பது எழுபதுகளின் நடுவில் டொராண்டோவிலும் பால்டிமோரிலும் நிரூபிக்கப்பட்டது.

அந்த டோபமின் செய்யும் தொழில்தான் என்ன? எண்ணற்ற காட்சிகளும் ஓசைகளும் நம்மீது வந்து மோதுகையில், ‘இது உனக்கு முக்கியம்; இதை விடாதே’ என்று சிலவற்றை மட்டும் எடுத்துக்காட்டுவது அதன் தொழில்களில் ஒன்று. அது காரணமில்லாமல் பெருகும்போது, முக்கியமல்லாத ஒவ்வொன்றும் முக்கியமாகிவிடுகிறது என்று 2003-இல் ஷிதிஜ் கபூர் என்னும் வைத்தியர் ஒரு விளக்கம் தந்தார். எதிர்வீட்டுக்காரர் இருமுகிறார், அது சமிக்ஞை. பத்திரிகையில் வரன் தேடும் விளம்பரம், அது தனக்கு எழுதிய கடிதம். பஸ்ஸின் எண், கோவில் மணி, காகம் கரையும் ஓசை எல்லாம் தன்னைச் சுட்டுகின்றன. இப்படிப் பொங்கி வரும் அர்த்தத்தை எப்படியாவது ஒரு கதையாக்கிப் புரிந்துகொள்ள வேண்டுமே என்று புத்தி தவிக்கும் தவிப்பிலிருந்து, ‘என்னைக் கொல்லச் சதி நடக்கிறது’ என்றோ, ‘நான் அவதார புருஷன்’ என்றோ ஒரு நம்பிக்கை பிறந்து கெட்டிப்படுகிறது.

இங்கே பக்தன் ஒருவன் குறுக்கிட்டு, ‘நானும் எங்கும் இறைவனைக் காண்கிறேனே, மழையிலும் மரத்திலும் எனக்கு அவன் குறிப்புத் தெரிகிறதே, எனக்கும் இதுதானா வியாதி?’ என்று கேட்டால் என்ன விடை சொல்வது? என் மனத்துக்கு எட்டிய விடை இது. பக்தன் காணும் அர்த்தம் அவனை விட்டு வெளியே விரிகிறது. அவன் சிறிதாகிறான், உலகம் பெரிதாகிறது. நோயுற்றவர் காணும் அர்த்தமோ எல்லாத் திசையிலிருந்தும் அவரை நோக்கியே குவிகிறது. உலகம் முழுவதும் அவர் ஒருவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அவரால் ஒரு கணமேனும் மறைந்துகொள்ள முடிவதில்லை. தொடக்கத்தில் நாம் எழுப்பிய கேள்விக்கும் விடை இங்கேதான் கிடைக்கிறது என்று நினைக்கிறேன். கர்த்திருத்துவம் என்றும் போக்திருத்துவம் என்றும் ஜீவனுக்கு இரண்டு முடிச்சுகளைச் சாஸ்திரம் சொல்கிறது: செய்பவன் நான் என்பது ஒன்று, இன்பதுன்பங்களை நுகர்பவன் நான் என்பது மற்றொன்று. ஞானியிடம் இரண்டும் ஒருங்கே அவிழ்கின்றன. இந்நோயிலோ செய்பவன் என்னும் முடிச்சு அறுந்துபோகிறது. நுகர்பவன் என்னும் முடிச்சு முன்னிலும் நூறு மடங்கு இறுகுகிறது. எதையும் செய்ய இயலாதவராய், எல்லாவற்றுக்கும் இலக்கானவராய் ஒருவர் எஞ்சுகிறார். அகங்காரம் கரையவில்லை, அதன் ஒரு பாதி சிதைந்து, மற்றொரு பாதி காவலின்றிப் புண்ணாகத் திறந்து கிடக்கிறது. இவ்வளவு துன்பம் ஏன் என்பது இப்போது விளங்கவில்லையா?

இதிலிருந்து நாம் பெறவேண்டிய பாடம் ஆன்மிக வாழ்வில் நாட்டமுள்ளவர்களுக்கு மிகவும் வேண்டியது. அகங்காரத்தை ஒழி, மனத்தைக் கொல் என்றெல்லாம் இளைஞர்களுக்கு உபதேசிக்கிறோம். ஆனால் தன்னுடையதென்று ஒன்றை உறுதியாகப் பற்றத் தெரிந்தவனே அதை இறைவன் அடியில் வைக்க முடியும். பற்றும் கையே நடுங்கும்போது வைப்பது எது? குரல்கள் கேட்கத் தொடங்கிய ஒரு வாலிபனைப் பார்த்து, ‘தியானம் கூடிவருகிறது, இன்னும் தீவிரமாகச் செய்’ என்று சொல்லும் குரு, அறியாமையால் சொன்னாலும், பெரும் தீங்கு செய்தவராகிறார்.

மனம் சடம் என்று ஒப்புக்கொள்வது சைவ சித்தாந்திகளுக்குப் புதிதன்று. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கும் மாயையின் காரியங்கள் என்றும், அவை ஆன்மாவின் கருவிகளேயன்றி ஆன்மா அல்ல என்றும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் சிவஞான போதத்தில் நிறுவினார். அமைச்சர்களோடு கூடி அரசன் ஆள்வதுபோல, ஆன்மா இக்கருவிகளோடு கூடியே விழிப்பு முதலான அவத்தைகளில் இயங்குகிறது என்பது அவர் கொள்கை. ஆணவத்தால் மறைக்கப்பட்டிருப்பதால் கருவிகளின் துணையின்றி அது எதையும் அறிய மாட்டாது. அமைச்சர்கள் பொய்த் தூது கொண்டுவந்தால், அரசன் எவ்வளவு நல்லவனானாலும் அவனுடைய ஆட்சி கலங்கத்தானே செய்யும்? மெய்கண்டார் நரம்பணுக்களை அறிந்திருந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அவருக்கும் பெருமையன்று, இரவு பகலாக உழைத்த ஆராய்ச்சியாளருக்கும் நீதியன்று. நான் சொல்ல வருவது இவ்வளவே: மூளையில் டோபமின் மிகுந்ததால் ஒருவருடைய எண்ணம் திரிந்தது என்று கேட்டதும், ‘அப்படியானால் ஆத்மா என்று ஒன்று இல்லையா?’ என்று பதறுவதற்கு நம் மரபில் பிறந்தவர்களுக்குக் காரணம் இல்லை. கருவி கெட்டதென்று சாஸ்திரமும் சொல்கிறது, மருத்துவமும் சொல்கிறது. கருவிக்கு அப்பால் உள்ளவரைப் பற்றி மருத்துவம் மௌனம் சாதிக்கிறது. அந்த மௌனத்தை மறுப்பு என்று கொள்ள வேண்டியதில்லை, சான்று என்று கொள்ளவும் கூடாது.

தெய்விக உன்மத்தத்துக்கும் நோய்க்கும் வேற்றுமை காண நம் முன்னோர் எப்படி முயன்றார்கள் என்பதற்கு ஸ்ரீ ராமகிருஷ்ணரின் சரித்திரத்தில் ஒரு கட்டம் உண்டு. தட்சிணேசுவரத்தில் அவர் உறக்கமின்றி, உடலெரிச்சலோடு, தன்னினைவு தப்பிக் கிடந்த நாட்களில் சுற்றியிருந்தவர்கள் அவரைப் பைத்தியம் என்றே எண்ணினார்கள். அவர்மீது பேரன்பு வைத்திருந்த மதுர்பாபு, கல்கத்தாவில் பெயர்பெற்ற வைத்தியரான கங்காப்பிரஸாத ஸேனிடம் அவரைச் சிகிச்சைக்கு அனுப்பினார். பின்பு 1861-இல் அங்கு வந்த பைரவி பிராமணி என்னும் சாதகி, பக்தி சாஸ்திரங்களோடு அவருடைய குறிகளை ஒப்பிட்டுப் பார்த்து, இது இறையன்பின் உச்சநிலையாகிய ‘மகாபாவம்’ என்றார். பண்டிதர்களைக் கூட்டி வாதமும் நடத்தினார்கள். பரமஹம்ஸரே தமக்கு நேர்ந்தது பித்துதானோ என்று சந்தேகித்து அந்த அம்மையாரைக் கேட்டிருக்கிறார் என்பது என் உள்ளத்தைத் தொடுவது. மருந்தை அவர் மறுக்கவில்லை. தம் அநுபவத்தைப் பரிசோதனைக்கு உட்படுத்த நாணவில்லை. உலகத்தார் குறைகளைக் கேட்டு, சிரித்துப் பேசி, ஒவ்வொருவருக்கும் தக்கவாறு வழிகாட்டும் தெளிவுக்கு அவர் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தார். நோயின் பிடியில் இருப்பவருக்குத் திரும்பி வரும் இந்தப் பாதைதான் அடைபட்டுப் போகிறது.

கர்மத்தைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. ‘போன ஜன்மத்தில் என்ன பாவம் செய்தாளோ, இப்படி ஒரு பிள்ளை’ என்று கல்யாண வீட்டில் ஒரு தாயின் காதுபடப் பேசுகிறவர்களை நாம் எல்லோரும் அறிவோம். ஆராய்ச்சி சொல்லும் காரணங்களைப் பார்க்கட்டும் அவர்கள். ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு இந்நோய் வந்தால் மற்றவருக்கு வருவது ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது ஐம்பது பேருக்கே. ஆகவே பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு, ஆனால் அது விதியன்று. 76,000-க்கு மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2022-இல் வெளியான முடிவு, 287 இடங்களில் சிறுசிறு வேறுபாடுகள் சேர்ந்து இந்த ஏதுநிலையை உண்டாக்குவதைக் காட்டியது. வாலிபப் பருவத்தில் மூளை தன் மிகுதியான நரம்பிணைப்புகளைக் கத்தரித்துச் செப்பனிட்டுக்கொள்வது இயல்பு. அக்கத்தரிப்புக்கு அடையாளமிடும் ஸி-4 என்னும் புரதத்தைச் சிலருடைய மரபணு மிகுதியாகச் சுரக்கச் செய்வதால், வேண்டிய இணைப்புகளும் வெட்டுண்டு போகின்றன போலும் என்று 2016-இல் அமெரிக்காவில் கண்டார்கள். கல்லூரியில் கால் வைக்கும் வயதில் இந்நோய் வந்து நிற்பதற்கு இது ஓரளவு காரணம் சொல்கிறது.

இவற்றைக் காட்டிலும் என்னை ஆழ்ந்து சிந்திக்க வைத்தது ஹாலந்து தேசத்துப் பஞ்சம். இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசிக் குளிர்காலத்தில், 1944 முடிவிலும் 1945 தொடக்கத்திலும், ஜெர்மானியப் படை உணவுப் போக்குவரத்தைத் தடுத்ததால் அந்நாட்டின் மேற்குப் பகுதி பட்டினியில் வாடியது. பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது கருவுற்ற குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களானபோது, அவர்களிடம் மனச்சிதைவு ஏறத்தாழ இருமடங்காகக் காணப்பட்டது. இங்கே வினையைச் செய்தவர் யார், பயனை நுகர்ந்தவர் யார்? கர்மக் கொள்கையை நான் நம்புகிறவன். நம்புகிறவன் என்பதாலேயே சொல்கிறேன்: அக்கொள்கை ஒருவன் தன் கடமையைத் தான் உணர்ந்து நிற்பதற்காகச் சொல்லப்பட்டது, அடுத்த வீட்டுத் துன்பத்துக்குத் தீர்ப்பு எழுதுவதற்காகச் சொல்லப்படவில்லை. மதத்தை மட்டும் குறை கூறுவதும் நியாயமாகாது. விஞ்ஞானத்தின் பெயராலும் இக்கொடுமை நடந்திருக்கிறது. அன்பற்ற தாயே பிள்ளைக்கு இந்நோயை உண்டாக்குகிறாள் என்று 1948-இல் அமெரிக்காவில் ஃப்ரீடா ஃப்ராம்-ரைக்மன் எழுதினார். அதற்குப் பின் ஒரு தலைமுறைக் காலம் அங்கே தாய்மார்கள் வைத்தியர் முன் குற்றவாளிகளாக நின்றார்கள். மூளை ஆராய்ச்சி உலகத்துக்குச் செய்த உபகாரங்களுள், அந்தத் தாய்மார்களின் தலையிலிருந்து பழியை இறக்கிவைத்ததை நான் முதலில் வைப்பேன்.

கோவிலையும் தர்காவையும் என்ன செய்வது? 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓடித் தப்ப வழியின்றி வெந்து மாண்டார்கள். கடவுளின் சந்நிதியை அண்டி நடந்த அந்தக் கோரத்தை நினைக்குந்தோறும் உள்ளம் நடுங்குகிறது. ஆயினும் மறுபுறமும் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் முத்துசாமி கோவில் ஒன்றில் வந்து தங்கிய 31 பேரை மனநல மருத்துவர்கள் உடனிருந்து கவனித்து 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சடங்கு, மந்திரம் என்று விசேஷமாக ஒன்றும் அங்கே இல்லை. காலையில் பூஜையில் கலந்துகொள்வார்கள், வாசலைப் பெருக்குவார்கள், செடிக்கு நீர் ஊற்றுவார்கள், உடன் வந்த உறவினரோடு இருப்பார்கள். அங்கே தங்கியிருந்த காலத்தில் நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. கட்டிப்போடாத இடம், வேளைக்கு உணவு, ஒரு சிறு வேலை, யாரும் ஏளனமாகப் பார்க்காத பார்வை ஆகியவை மருந்தின் வேலையில் ஒரு பகுதியைச் செய்கின்றன. இறைவன் அருள் வேறு எந்த உருவத்தில் வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்?

கேட்கும் குரலின் தன்மையைக்கூட ஊரின் பண்பாடு மாற்றுகிறது என்பது இன்னும் நுட்பமான செய்தி. டான்யா லூர்மன் என்னும் மானிடவியலார், சென்னை மருத்துவர்களோடும் கானா தேசத்து மருத்துவரோடும் சேர்ந்து, கலிபோர்னியா, அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் இருபதிருபது நோயாளிகளிடம் அவர்கள் கேட்கும் குரல்களைப் பற்றிப் பேசினார். கலிபோர்னியாவில் பெரும்பாலோர் அவற்றை வன்முறையாகத் தம்மைத் தாக்கும் அந்நியக் குரல்களாகக் கேட்டார்கள். அக்ராவில் பலர் கடவுளின் குரலைக் கேட்டார்கள். சென்னையிலோ பாதிக்கு மேற்பட்டவர்கள் உறவினரின் குரலைக் கேட்டார்கள். போய்க் குளி, சமையலைப் பார், கடைக்குப் போய் வா என்று மாமியாரும் அக்காளும் அப்பாவும் அதட்டுகிறார்கள். தன்னை மறந்து சிதறும் வேளையிலும் இங்கே ஒருவர் குடும்பத்தின் நடுவில்தான் சிதறுகிறார்.

அக்குடும்பம் கைவிடாதபோது என்ன நடக்கும் என்பதையும் சென்னை காட்டியிருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநோய் ஆஸ்பத்திரியின் தலைமையில் நெடுங்காலம் பணிபுரிந்த டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்தவர்கள், 1981 முதலாகவே முதன்முறை நோய் கண்ட 90 பேரை ஆண்டுக்காண்டு பின்தொடர்ந்து வந்தார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது அவர்களிற் பெரும்பாலோர் நல்ல நிலையில் இருந்தார்கள். கிரேப்பெலின் சொன்ன கட்டாய அழிவு அவர்களுக்கு நேரவில்லை.

மருந்தைப் பற்றி மிகைபடக் கூற நான் விரும்பவில்லை. அது குரல்களை ஒடுக்குகிறது, பயத்தைத் தணிக்கிறது. ஆனால் எழுந்து ஒரு காரியத்தைத் தொடங்கும் முனைப்பையும், முன்போல் மகிழும் மனத்தையும் அது எளிதில் திருப்பித் தருவதில்லை. கைகால் விறைப்பு, உடற்பருமன், அடங்காத உறக்கம் ஆகிய சங்கடங்களையும் அது கூடவே கொண்டுவருகிறது. மற்ற மருந்துகளுக்கு வசப்படாதவர்களையும் தேற்றும் குளோஸபின், இரத்தத்தின் வெள்ளணுக்களை அழித்து 1975-இல் ஃபின்லாந்தில் சிலருடைய உயிரைக் குடித்தது. இன்றும் இரத்தத்தைத் தவறாது பரிசோதித்தே அதனைக் கொடுக்கிறார்கள். டோபமின் பற்றும் இடத்தை மறைக்காமல் வேறு வழியில் வேலை செய்யும் மருந்து ஒன்றுக்கு 2024-இல்தான் அமெரிக்கா அநுமதி கொடுத்தது.

இதைவிடக் கடினமான தர்ம சங்கடம் ஒன்று உண்டு. தனக்கு நோயே இல்லை என்று உறுதியாக நம்புவது இந்நோயின் குறிகளில் ஒன்று. மருந்தை வேண்டாமென்று தள்ளுகிற மகனுக்குக் காப்பியில் கலந்து கொடுக்கும் தாய்மார்கள் நம் ஊரில் அநேகர். அவர்களைக் கண்டிக்க எனக்கு நா எழவில்லை. ஆனால் காப்பியில் விஷம் இருக்கிறது என்று பயப்படுகிறவனுக்கு அவன் பயத்தை மெய்யாக்கும் செயல் அதுவென்பதையும் மறக்க முடியவில்லை. வேண்டாம் என்று சொல்பவர் அவரா, அவருடைய நோயா? இதற்கு 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒரு வழி வகுத்திருக்கிறது. நோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டலாகாது என்று தடுக்கும் அதே சட்டம், தெளிந்த நிலையில் இருக்கும் ஒருவர், பின்னால் தமக்கு மீண்டும் நோய் முற்றினால் எந்தச் சிகிச்சையைத் தரலாம், எதைத் தரலாகாது, தம் சார்பில் யார் பேசலாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை அளிக்கிறது. அவசர சிகிச்சைக்கு அது பொருந்தாது. தெளிவாக இருக்கும்போது வேண்டியபடி மாற்றியும் எழுதலாம்.

உறங்கி விழித்தவன் ‘உறங்கியவன் நானே’ என்று அறிகிறான் என்பது ஆன்மா உண்டென்பதற்கு நம் ஆசாரியர்கள் காட்டும் நியாயங்களில் ஒன்று. அவத்தைகள் மாறினும் அவற்றினூடே ஒருவன் தொடர்ந்து இருக்கிறான் என்பது அதன் கருத்து. சட்டம் இயற்றியவர்கள் ஆன்மாவைப் பற்றி எண்ணியிருக்க மாட்டார்கள். எனினும் நோய்க்கு முன் எழுதியவரும், நோயில் கூச்சலிடுபவரும், தெளிந்தபின் தம் எழுத்தைத் திருத்துபவரும் ஒருவரே என்று கொண்டாலன்றி அந்த உரிமைக்குப் பொருள் இல்லை. இவ்வுரிமையை அறிந்த குடும்பங்கள் நம் ஊரில் மிகவும் சில. மகன் தெளிவாக இருக்கும் ஒரு நல்ல நாளில், தகப்பனாரும் தாயாரும் அவனோடு அமர்ந்து, ‘அப்பா, மறுபடி வந்தால் நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று நீயே சொல்’ என்று கேட்டு, அவன் சொல்வதை அவன் கையாலேயே எழுதச் செய்து, அவன் கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.